முதலில் வீடு மாறட்டும்

பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதற்குப் பதிலாக, பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கும் பெரியவருக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2016-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ ஆய்விதழில் வெளிவந்தன. ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகள். வயது 2 முதல் 9 வரை. குலுக்கல் முறையில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக 12 அமர்வுகள் நடத்தினார்கள். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்ல, பேச்சுப் பயிற்சியாளர்களும் அல்ல. இதற்கென்றே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள்.

அவர்கள் செய்த வேலை எளிமையானது. அம்மாவும் பிள்ளையும் சில நிமிடம் சேர்ந்து விளையாடுவதைக் காணொளியாக எடுத்தார்கள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதையே போட்டுப் பார்த்தார்கள். எந்த இடத்தில் பிள்ளை அம்மாவிடம் ஏதோ சொல்ல வந்தது, எந்த இடத்தில் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார், எந்த இடத்தில் தவறவிட்டார் என்று இருவரும் சேர்ந்து தேடினார்கள்.

எந்த வீட்டில் எடுத்தாலும் இப்படிப்பட்ட காணொளியில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பிள்ளை பொம்மைக் காரைக் கவிழ்த்துவைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அம்மா கேட்கிறார்: “இது என்ன கலர்? சொல்லு கண்ணா. சிவப்பு. சொல்லு, சிவப்பு. கார் எங்க போகுது? அம்மாவைப் பாரு. கார் எப்படிப் போகும்? டுர்ருனு போகும், நீ சொல்லு.” பதில் இல்லை. அம்மாவுக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் காணொளியை மெதுவாக ஓட்டினால் வேறொன்று தெரியும். இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் நடுவே பிள்ளை சக்கரத்தை நிறுத்தி, காரைக் கொஞ்சம் தூக்கி, அம்மாவின் கைப்பக்கம் ஒரு கணம் பார்த்திருக்கிறான். அது பேச்சு. ‘நீயும் சுற்று’ என்பதுபோல ஒன்றை அவன் தன் வழியில் சொல்லிவிட்டான். அம்மா அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதில் விழுந்த சொல்லைப் பொருளாக்கி, பதிலைத் திரட்டி, உடம்பையோ நாக்கையோ அசைத்து வெளியே கொண்டுவர நம்மைவிட அதிக நேரம் தேவைப்படுகிறது. நாம் இரண்டு விநாடி மௌனத்தைக்கூடப் பொறுக்காமல் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறோம். பிள்ளைக்கு அது புதுக் கேள்வி. அதுவரை சேர்த்ததைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே செய்யவேண்டியது இவ்வளவுதான்: பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள். கேள்வி கேட்காமல், அது செய்வதற்கு ஒன்றிரண்டு சொல் கொடுங்கள்: “சுத்துது. வேகமா சுத்துது.” பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வாய் துடிக்கும், ஆனாலும் எண்ணுங்கள். பிள்ளை ஒரு பார்வை, ஒரு ஒலி, ஒரு கையசைவு எதைத் தந்தாலும் அதைப் பதிலாக ஏற்று, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கோவாவிலும் ராவல்பிண்டியிலும் பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் தருவது தெளிவாகக் கூடியது. பிள்ளைகளும் தாங்களாகவே முன்வந்து பெற்றோரிடம் தொடர்புகொள்வது கூடியது. எல்லா அளவுகளும் ஏறிவிடவில்லை. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் குறைந்தது. அதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இதன் மூலமுறையை இங்கிலாந்தில் ஜோனதன் கிரீன் குழுவினர் 152 பிள்ளைகளிடம் சோதித்து 2010-ல் வெளியிட்டிருந்தார்கள். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளை மறுபடி பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஆட்டிசத்தின் தீவிரம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆட்டிசம் மறைந்துவிடவில்லை. மறைய வேண்டும் என்பது இந்த முறையின் நோக்கமும் அல்ல. பிள்ளையும் வீடும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதே நோக்கம்.

இந்த இடத்தில் நின்று ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பது பெற்றோர்தான் காரணம் என்பதால் அல்ல. அந்தப் பழியை ஒரு தலைமுறை அம்மாக்கள் சுமந்தார்கள். 1943-ல் லியோ கேனர் பதினொரு பிள்ளைகளை விவரித்து ஆட்டிசத்தை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில், அன்பில்லாத, குளிர்ந்த மனமுள்ள தாயால்தான் பிள்ளை இப்படியாகிறது என்ற கருத்து பரவியது. புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய நூல் அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே அதை மறுத்து, காரணம் உடலியல் சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து, மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். அறிவியலில் அந்த வழக்கு அன்றே தீர்ந்துவிட்டது. நம் வீடுகளில் இன்னும் தீரவில்லை. “நீ வேலைக்குப் போனதாலதான்”, “போன் கொடுத்தே கெடுத்துட்ட”, “மாசமா இருக்கும்போது அழுதுகிட்டே இருந்தா” என்று இன்றும் அம்மாக்களின் காதுபடப் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த வார்த்தைக்கு ஆதாரம் கிடையாது. காயம் மட்டும் உண்டு.

பெட்டல்ஹைம் பணியாற்றிய அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர் எரிக் ஷாப்லர். அவர் நேர் எதிர்த் திசையில் போனார். பெற்றோர்களைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, தன் பக்கத்தில் சக பயிற்சியாளர்களாக உட்காரவைத்தார். அவர் வடக்கு கரோலினாவில் தொடங்கிய திட்டம் 1972-ல் மாநிலம் முழுமைக்குமானதாக வளர்ந்தது. பிள்ளையை உலகத்துக்கு ஏற்ப வளைப்பதற்கு முன், பிள்ளையைச் சுற்றியுள்ள இடத்தையும் நேரத்தையும் அதற்குப் புரியும்படி ஒழுங்குசெய் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவருவதும் அதுவே. வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் தெரபி சென்டரில் போகிறது. மீதி நேரமெல்லாம் வீடு. அந்த வீட்டை இன்னொரு தெரபி சென்டராக ஆக்கவேண்டாம். பிள்ளையால் இருக்க முடிகிற இடமாக ஆக்கினால் போதும்.

ஒலியிலிருந்து தொடங்கலாம். ஒரு சாதாரணக் காலைப்பொழுதில் நம் சமையலறையில் என்னென்ன சத்தம் எழுகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். மிக்சி, குக்கர் விசில், கிரைண்டர், தண்ணீர் மோட்டார், எவர்சில்வர் தட்டு கீழே விழும் சத்தம், கூடத்தில் டிவி, அதற்கு மேல் நம் குரல். மிக்சி ஓடும்போது சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவார்கள். “போகப்போகப் பழகிடும்” என்பார்கள் பெரியவர்கள். சில பிள்ளைகளுக்கு எளிதில் பழகாது என்பதற்குச் சான்று இருக்கிறது. கலிபோர்னியாவில் ஷுலமைட் கிரீன் குழுவினர் 2015-ல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், இளையோருக்குத் தொந்தரவான ஒலியையும் தொடுகையையும் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். பொதுவாக, ஆபத்தை எடைபோடும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி முதலில் விழித்து, பிறகு ‘ஒன்றுமில்லை’ என்று அடங்கிவிடும். ஆட்டிசத்தோடு மிகையான புலனுணர்வும் கொண்டவர்களிடம் அந்த அடக்கம் குறைவாக இருந்தது. அவர்களுக்குப் பத்தாவது முறை கேட்கும் மிக்சிச் சத்தமும் முதல்முறை கேட்டதைப்போலவே தாக்கக்கூடும். அது அடமும் அல்ல, நடிப்பும் அல்ல. 2013-ல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலிலேயே புலனுணர்வு வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக ஏற்கப்பட்டுவிட்டது.

செய்யக்கூடியவை அதிகச் செலவில்லாதவை. சட்னி, மசாலா அரைப்பதைப் பிள்ளை தூங்கும்போதோ மாடிக்கோ கடைக்கோ போயிருக்கும்போதோ வைத்துக்கொள்ளலாம். முடியாதபோது, போடுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போடுங்கள்: “மிக்சி. அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு.” எதிர்பார்த்து வரும் சத்தத்தின் தாக்கம் குறைவு. சுவிட்சைப் போடும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுத்துப் பயத்தைக் குறைத்த வீடுகள் உண்டு. மிக்சிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். காதை மூடும் இயர்மஃப் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்கும் தீபாவளி வெடிக்கும் அது கைகொடுக்கும். கல்யாணத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், கூட்டம் சேர்வதற்கு முன்பே போய் மணமக்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக, புலனுணர்வு போதவில்லை. குதிப்பார்கள், இடித்துக்கொள்வார்கள், மெத்தை இடுக்கில் நுழைந்துகொள்வார்கள். தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கிடைக்கும்போது அவர்கள் உடம்பு அமைதியாகிறது. நம் வீடுகளில் இதற்கு வழியா இல்லை? ஊஞ்சல் இருக்கிறது, வளர்ந்த பிள்ளையின் எடையைத் தாங்கும் கொக்கியில் கட்டிய தூளி இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையச் சொல்லலாம், தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லலாம், ஈரத்துணி பிழியச் சொல்லலாம். வேலையும் நடக்கும். எடைபோட்ட போர்வைகள் இப்போது நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கிலாந்தில் 67 பிள்ளைகளிடம் சோதித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில் அதனால் தூக்கம் கூடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது. பிடித்திருந்தால் வாங்கலாம். தூக்கம் வரும் என்று நம்பிக் கடன்வாங்கி வாங்க வேண்டாம்.

எல்லாம் மீறிப்போய் பிள்ளை தரையில் விழுந்து கதறும் நேரமும் வரும். இதை மெல்ட்டவுன் என்பார்கள். அதை அடத்திலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. அடம்பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று பார்க்கும். கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். மெல்ட்டவுனில் இருக்கும் பிள்ளைக்குப் பார்வையாளர் தேவையில்லை, கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் அறிவுரை மூளைக்குள் போகாது. விளக்கைக் குறையுங்கள், டிவியை நிறுத்துங்கள், சுற்றி நிற்பவர்களை அனுப்புங்கள், கூர்மையானவற்றை நகர்த்துங்கள், பேச்சை நிறுத்துங்கள். அடி கூடவே கூடாது. தாக்கப்படுவதாக உணரும் நரம்புகளுக்கு அது இன்னொரு தாக்குதல். பிள்ளை ஓய்ந்த பிறகு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது, பிறகு என்ன ஆனது. சில வாரம் எழுதினால் பசி, மலச்சிக்கல், தூக்கமின்மை, திடீர் மாற்றம் என்று ஏதாவதொன்று திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பேச முடியாத பிள்ளை திடீரென்று மூர்க்கமானால் முதலில் பல்வலி, காதுவலி, வயிற்றுவலியைச் சந்தேகியுங்கள்.

திடீர் மாற்றம் என்றேன். அடுத்து என்ன என்பது முன்பே தெரிந்தால் மாற்றம் திடீரென்று இராது. அதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. காதால் கேட்டது அடுத்த கணம் காற்றில் கரைந்துவிடுகிறது. கண்ணால் பார்ப்பது அங்கேயே நிற்கிறது. அதனால்தான் ஷாப்லரின் திட்டத்தில் படஅட்டவணைக்கு அவ்வளவு இடம். அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். உங்கள் வீட்டுப் பல்துலக்கும் பிரஷ், உங்கள் வீட்டுத் தட்டு, பள்ளி வேன், தாத்தா வீட்டு வாசல் ஆகியவற்றைப் போனில் படமெடுத்து அச்சிட்டு, பழைய காலண்டர் அட்டையில் மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தை எடுத்து டப்பாவில் போடட்டும். படம் புரியாத பிள்ளைக்குப் பொருளையே கையில் கொடுங்கள்: குளியலுக்குத் துண்டு, சாப்பாட்டுக்குத் தட்டு. வெளியே கிளம்பும்போது இரண்டு படம் போதும், ‘முதலில் டாக்டர், பிறகு பார்க்’. சொன்னபடி பார்க்குக்குப் போயே தீரவேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் அந்த அட்டை வெறும் அட்டையாகிவிடும்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைக்கும் இதே ஏற்பாடு வேறு காரணத்துக்காக உதவும். அதற்குச் சொன்னது புரியும். செய்யும் நேரத்தில் நினைவில் தங்காது. “எத்தனை தடவை சொல்றது” என்ற கோபத்தை விட்டு, சொல்லவேண்டியதை அது நடக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள்: செருப்பு வைக்கும் இடத்துக்கு மேல் பை, தண்ணீர் பாட்டில், டைரி ஆகியவற்றின் படம். வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி நடுவே ஓடவிடுங்கள். மாதக் கடைசியில் சைக்கிள் என்ற வாக்குறுதி அந்தப் பிள்ளையின் மூளைக்கு எட்டாத் தூரம்; முடித்த அந்த நிமிடத்தில் தோளில் ஒரு தட்டு எட்டும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன் பெற்றோர் பயிற்சியையே முதல் வழியாக அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. வளர்ந்த பிள்ளைக்கு மருத்துவர் மருந்து தந்தால் அதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தால் பேசச் சொல்லிக்கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அதனாலேயே பல பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் எந்த மொழியும் இல்லாமல் வளர்கின்றன. 2006-ல் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகியோர் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சான்று வலுவான ஆய்வுகளில், படத்தாலோ சைகையாலோ கருவியாலோ பேசக் கற்றதால் வாய்ப்பேச்சு குறைந்தவர் ஒருவர்கூட இல்லை, பெரும்பாலானவர்களுக்குக் கூடியது. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலி படத்தைத் தொட்டால் தமிழிலேயே பேசும். செயலி வேண்டாமென்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஐந்து படங்கள் ஒட்டித் தொடங்குங்கள். அதில் ‘வேண்டாம்’ ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மறுக்க வழியில்லாத பிள்ளைதான் கடிக்கும். “வாயால சொன்னாத்தான் தருவேன்” என்று தண்ணீர் டம்ளரை உயர்த்திப் பிடிக்காதீர்கள்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருமொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி கூடுதலாகத் தாமதமாவதில்லை என்று 2012-ல் வெளியான கனடா ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டியோடு பேச முடியாத பிள்ளையை உருவாக்குவதில் யாருக்கு என்ன லாபம்? உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள்.

சாப்பாட்டில் போர் வேண்டாம். பிடித்த உணவோடு புது உணவைத் தட்டின் ஓரத்தில் கடுகளவு வையுங்கள். தொடாவிட்டாலும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு நாள் வையுங்கள். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகுதான் சில நாக்குகள் சம்மதிக்கும். சாப்பிடும் உணவு நாலைந்தாகச் சுருங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாதுகாப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒருமுறையாவது வீட்டை விட்டோ பாதுகாப்பான இடத்தை விட்டோ போக முயன்றிருக்கிறார்கள் என்று 2012-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இப்படிப் போகும் பிள்ளைகளைப் பல நேரம் தண்ணீர் ஈர்க்கிறது. கதவில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி, சட்டைக்குள் தைத்த போன் நம்பர், முடிந்தால் நீச்சல். தெருமுனைக் கடைக்காரரிடம் பிள்ளையைக் காட்டி, “தனியா வந்தா நிறுத்திவெச்சு எனக்குப் போன் பண்ணுங்கண்ணே” என்று இன்றே சொல்லிவையுங்கள். பிள்ளையின் நிலையை மறைப்பதால் வரும் ஆபத்து பெரிது.

பணம் கரையும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஆட்டிசத்தை முழுதாகக் குணமாக்குவதாகச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் தெளிவாக்கியது. அந்தப் பணத்தை வைத்திருங்கள். பிள்ளையின் இருபதாவது வயதும் நாற்பதாவது வயதும் வரும். அதற்கான காகித வேலைகளையும் இப்போதே தொடங்குங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அடையாள அட்டை வாங்குங்கள். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு இருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு தேவைப்பட்டால் சட்டப்படி காப்பாளரை நியமிக்க வழியும் அதே சட்டத்தில் உண்டு. பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே வருகிறார்கள்.

இவ்வளவையும் செய்ய ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஆள் அம்மா. அவர் பல இரவுகளாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக வகுத்த திட்டத்தில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் இருக்கின்றன. பெற்றோரின் மனநலமும் அதில் ஒரு பாடம். அது இல்லாமல் மற்றப் பாடங்கள் நிற்காது. அப்பா ஒரு வேளைப் பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். கூடப்பிறந்த பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் தனியாக அம்மாவோ அப்பாவோ கிடைக்க வேண்டும்.

இதைப் படிப்பவர் பெரியம்மாவாகவோ மாமாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை அந்த வீட்டுக்குப் போகும்போது பரிகாரமும் வைத்தியரின் பெயரும் கொண்டுபோக வேண்டாம். முதல் சில முறை அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து, பிள்ளைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, ‘வேண்டாம்’ என்பதை எப்படிச் சொல்லும் என்று கற்றுக்கொள்ளுங்கள். பிறகு, “ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கறேன், நீ போய்த் தூங்கு” என்று சொல்லுங்கள்.